களியக்காவிளை பக்கத்து ஏர் கார்கோ கடை: ஷார்ஜாவுக்கு ஃப்ரோசன் சாப்பாடு அனுப்பலாமா?

மார்த்தாண்டம், குழித்துறை, கொல்லங்கோடு, பாறசாலை பக்கத்து ஆளுகளுக்காகத்தான் இத எழுதுறேன், மத்தவங்களும் படிச்சுக்கலாம். நம்ம ஏரியாவுல வீட்டுக்கு ஒருத்தராச்சும் கல்ஃபுல இருப்பாங்க, அங்க சூப்பர் மார்க்கெட்ல எல்லாம் கிடைக்குதுதான், ஆனாலும் அம்மா வச்ச மீன் புளிமுளம் வேணும், வீட்டு மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) வேணும், திருவின தேங்கா வேணும்னு வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். பார்டர் தாண்டி கேரளா சைடுல மெயின் ரோட்டுமேல இருக்குற ஒரு கார்கோ கடை வழியா நான் கொஞ்ச வருஷமா ஷார்ஜாவுல இருக்குற அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டு இருக்கேன். கடை பேரு போடல, ஏன்னா கீழ அவங்கள நல்லா திட்டியும் இருக்கேன், பேர போட்டு ஒருத்தன் பிழைப்புல கைவைக்க எனக்கு விருப்பமில்ல. அங்க இந்த மாதிரி கடைங்க வரிசையா இருக்கு, எல்லாத்துக்கும் இந்த கணக்கு பொருந்தும்.

முழுசா படிக்க பொறுமை இல்லாதவங்களுக்கு மார்க்க முதல்லயே சொல்லிர்றேன். பேக்கிங் அருமை, 5க்கு 5. பில்லுல கள்ளக்கணக்கு இல்ல ஆனா நாம வாயத் திறந்து கேட்டாத்தான் எதுக்கு எவ்வளவுன்னு சொல்லுவாங்க, அதுக்கு 3. டிராக்கிங்குக்கு 1 போடுறதே தாராளம். பெட்டி எங்கயாச்சும் மாட்டிக்கிட்டா அவங்க ஃபோன் எடுக்குற விதமே மாறிரும், அதுக்கு என்ன மார்க் போடன்னு தெரியல. மொத்தமா 3.5, நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் மட்டும் அனுப்புறவங்க 4ன்னே வச்சுக்கலாம்.

ஏர் கார்கோன்னதும் எல்லாரும் என்ன நினைக்காங்கன்னா விமானம் வேகமா போயிரும், அதனால சாப்பாடு கெடாதுன்னு. திருவனந்தபுரத்துலேர்ந்து ஷார்ஜாவுக்கு பறக்குறது சுமார் 4 மணி நேரம்தான், அந்த நாலு மணி நேரத்துல எந்த மீனும் கெடாது. மிச்ச நேரம் பூரா பெட்டி தரையிலதானே கிடக்கு. மத்தியானம் கடையில டேப் ஒட்டி மூடுவாங்க, வேன்ல ஏறும், நெய்யாற்றின்கரையிலயும் பாலராமபுரத்துலயும் ஜாம்ல ஊர்ந்து ஊர்ந்து சங்குமுகம் பக்கம் ஏர்போர்ட் கார்கோ காம்ப்ளெக்ஸ் போய் சேரும், அங்க எடை பாக்கணும், எக்ஸ்ரே போகணும், கஸ்டம்ஸ் பாக்கணும், அப்புறம் ராத்திரி ஃப்ளைட்டுக்கு காத்து கிடக்கணும், அந்தப் பக்கம் இறங்குனா மறுபடி ட்ராலி, ஷெட்டு, இன்ஸ்பெக்‌ஷன், டெலிவரி வண்டி. எல்லாம் ஒழுங்கா நடந்தாலே ஒண்ணரை நாள் ஆகும். விமானத்தோட அடியில லக்கேஜ் போடுற இடத்துல நம்ம பெட்டிக்குன்னு ஃப்ரிட்ஜ் ஒண்ணும் கிடையாது. அதனால எந்த ஏர்லைன்ல ஏத்துறாங்கன்னு நான் கேக்குறதே இல்ல, தரையில கிடக்குற நேரத்துக்கு இவங்க என்ன ஏற்பாடு பண்ணியிருக்காங்கன்னுதான் பாப்பேன். இந்த கடையில அந்த ஏற்பாடு நல்லா இருக்கு, அதாவது பெட்டி அவங்க கையில இருக்குற வரைக்கும்.

பேக்கிங் பண்றது ஒரு பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருக்கும், கொல்லங்கோடு பக்கம்னு சொல்லிச்சு. நாம கொண்டு போற பாக்கெட் ஒவ்வொண்ணையும் கையில எடுத்து ரெண்டு விரலால அமுக்கிப் பாக்கும். கொஞ்சம் மெதுவா இருந்தா போச்சு, "இது உள்ள கெட்டியாவல அண்ணா, திருப்பிக் கொண்டு போங்க, நாளைக்கு கொண்டு வாங்க"ன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிரும். முன்னால நின்ன ஒரு அண்ணாச்சி பத்து கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கேன்னு சண்டைக்கே போயிட்டாரு, அது அசையல. அது செய்யுறதுதான் சரி. நம்ம வீட்டு ஃப்ரீசர் -18 டிகிரின்னு எழுதியிருக்கும், ஆனா ஒரு லிட்டர் மீன் கறிய (குழம்ப) டப்பாவோட அப்படியே உள்ள வச்சா ஓரம் எல்லாம் கல்லு மாதிரி ஆயிரும், நடுவுல கொழகொழன்னு இருக்கும், அந்த நடுப்பகுதிதான் பெட்டிக்குள்ள மத்த எல்லாத்தையும் சூடாக்குறது. கறிய ஜிப் பையில ஊத்தி தட்டையா படுக்கப் போட்டு ஃப்ரீஸ் பண்ணி ரெண்டு நாள் கழிச்சு கொண்டு போங்க, பெட்டியில அடுக்கவும் வசதி, மீனுக்குள்ள உறையுற ஐஸ் துகளும் சின்னதா இருக்கும், அதனால உருகுனப்புறம் மீன் பிஞ்சு போகாது.

அடுத்து ஐஸ். இதுலதான் நிறைய கடைக்காரங்க நம்மள ஏமாத்துறாங்க. நீலக் கலர் ஜெல் பேக் நாலு போட்டு ஃப்ரோசன் பேக்கிங்னு சொல்லி காசு வாங்கிருவாங்க. சாதாரண ஜெல் பேக் கிட்டத்தட்ட தண்ணிதான், அது 0 டிகிரியிலதான் உருகும், 0 டிகிரியில உருகுற பொருள வச்சு -18ல இருக்குற மீன எப்படி அப்படியே வைக்க முடியும்? சில்லுன்னு போனா போதும்ங்குற மாவு, பால்பேடா மாதிரி சாமானுக்கு அது சரி. கறிக்கு ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு உப்புக்கரைசல் பேக், தண்ணியில உப்பு கிட்டத்தட்ட 23 சதவீதம் இருந்தா அது -21 டிகிரியிலதான் உறையும், உருகுறதும் அங்கயேதான். ஆனா பாருங்க, வீட்டு ஃப்ரீசர்ல அத வச்சா அது கெட்டியாவே ஆகாது, ஏன்னா ஃப்ரீசரே -18தான். நாமளே வாங்கி வச்சு உபயோகிக்கலாம்னு நினைச்சா வேலைக்கு ஆகாது, இவங்க கடையில அதுக்குன்னு தனி டீப் ஃப்ரீசர் வச்சிருக்காங்க, அதுல பேக் எல்லாம் செங்கல் அடுக்குன கணக்கா நிக்கும்.

ரெண்டாவது டிரை ஐஸ். கார்பன் டை ஆக்சைட கெட்டியாக்குனது, -78 டிகிரி, உருகி தண்ணி ஆகாது, நேரா புகையா போயிரும். ஒரு கிலோ டிரை ஐஸ் 500 லிட்டருக்கு மேல கேஸ் ஆகும், அதனால பெட்டிய காத்துப் போகாம மூடுனா வெடிச்சிரும். அந்தப் பொண்ணு பெட்டி பூரா டேப் சுத்திட்டு மூடியோட ஒரு மூலையில மட்டும் ரெண்டு விரல் அகலத்துக்கு டேப் ஒட்டாம விடும், கேட்டா "அதுவழியாத்தான் மூச்சு விடும்"னு சொல்லும். கையில தடிச்ச துணி கிளவுஸ் போட்டுத்தான் எடுக்கும். வெளில கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட டயமண்ட் ஸ்டிக்கர் ஒட்டி, யூஎன் 1845னு எழுதி, உள்ள டிரை ஐஸ் எத்தன கிலோன்னும் மார்க்கர்ல எழுதும். இது சும்மா அலங்காரம் இல்ல, ஏர்லைன் கணக்குல டிரை ஐஸ் டேஞ்சரஸ் குட்ஸ், கிளாஸ் 9. ஒரு விமானத்துல மொத்தமா இவ்வளவுக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு லிமிட் வச்சிருப்பாங்க, அது தாண்டுனா நம்ம பெட்டி கீழயே நின்னுரும். வேன்ல கொண்டு போகும்போதும் டிரைவர் கண்ணாடிய இறக்கி விட்டுத்தான் போகணும், மூடுன வண்டிக்குள்ள அந்த கேஸ் நிறைஞ்சா மூச்சு முட்டும். எழுதாம ஒளிச்சு வச்சு அனுப்பித் தாரேன்னு யாராச்சும் சொன்னா அந்த கடைப்பக்கமே போகாதீங்க.

டிரை ஐஸ் எவ்வளவு போடணும்னு ஒரே கணக்கு கிடையாது, பெட்டி சைஸ், தெர்மோகோல் தடிப்பு எல்லாம் பொறுத்தது. ஒரு நாளைக்கு 2லேர்ந்து 4 கிலோ வரைக்கும் கரையும்னு வச்சுக்கலாம். ஒண்ணரை நாள் பயணத்துக்கு ஒண்ணரை நாள் கணக்கா போட்டா ஃப்ளைட் ஒரு நாள் தள்ளுனா கதை கந்தல். இவங்க ஒரு நாள் கூடுதலாவே போடுறாங்க, காசும் கூடுதலா வாங்குறாங்க, கொடுத்துருங்க.

அப்புறம் ஒரு சின்ன வேலை, இது கடைக்காரங்க சொல்லித் தந்தது இல்ல, அத்தான் சொன்னது. சின்ன மூடி போட்ட டப்பாவுல பாதி தண்ணி ஊத்தி உறைய வச்சு, உறைஞ்சதுக்கு மேல ஒரு ரூபா துட்ட வச்சு மூடி, பெட்டிக்கு நடுவுல பாக்கெட்டுகளுக்கு ஊடால சொருகிருங்க. அங்க திறக்கும்போது துட்டு மேலயே இருந்தா சரி. துட்டு அடியில உறைஞ்சு கிடந்துச்சுன்னா நடுவுல உருகி மறுபடி உறைஞ்சிருக்குன்னு அர்த்தம், அப்போ பாக்கெட் கல்லு மாதிரி இருந்தாலும் நம்பாதீங்க. ஆனா துட்டு மேல இருக்குன்னு மட்டும் வச்சு -18லயே வந்துச்சுன்னு சொல்ல முடியாது, -3 வரைக்கும் ஏறி இறங்கியிருந்தாலும் துட்டு அசையாது. கடைக்கு சப்ளை பண்றவங்க டெம்பரேச்சர் லாகர் வச்சு அனுப்புறாங்க, பென் டிரைவ் மாதிரி இருக்கும், வழி நெடுக எத்தன டிகிரின்னு கிராஃபே வந்துரும். வீட்டுச் சாப்பாட்டுக்கு துட்டு போதும்.

பில்லுக்கு வரேன், இங்கதான் புதுசா போற எல்லாரும் முறைச்சிட்டு நிப்பாங்க. நம்ம பெட்டி தராசுல 11 கிலோ காட்டும், பில்லுல 16 கிலோன்னு இருக்கும். திருட்டு இல்ல, வால்யூம் வெயிட்னு ஒண்ணு இருக்கு. நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி 6000 ஆல வகுக்கணும், எது கூடுதலோ அதுக்குத்தான் காசு. 60க்கு 40க்கு 40 பெட்டின்னா 96,000, வகுத்தா 16 கிலோ. கூரியர் கம்பெனி வழியா போனா பெரும்பாலும் 5000 ஆல வகுப்பாங்க, அதே பெட்டி 19.2 கிலோ ஆயிரும். அதனால ரேட் கேக்கும்போது கிலோவுக்கு எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க, எத்தனையால வகுக்குறீங்கன்னும் கேளுங்க, அந்தக் கேள்வி கேட்டாலே கடைக்காரருக்கு நம்மமேல ஒரு மரியாதை வந்துரும். இதுல இன்னொரு வயித்தெரிச்சல் என்னன்னா அந்த பெட்டியில தெர்மோகோல் 5 சென்டிமீட்டர் தடிப்புன்னா உள்ள மிச்சம் 50க்கு 30க்கு 30தான். வெளில 96 லிட்டர், உள்ள 45 லிட்டர், பாதிக்கு மேல நாம சுவருக்குத்தான் ஃப்ரெய்ட் (சரக்குக் கூலி) கட்டுறோம். சரி சுவர மெலிசாக்குவோம்னா மீன் போயிரும். வேற வழி இல்ல, ஆனா ரெண்டு சின்ன பெட்டிக்கு பதிலா ஒரு பெரிய பெட்டியா அனுப்பினா சுவருக்கு போற காசு குறையும், சூடும் மெதுவாத்தான் ஏறும். பக்கத்து வீட்டுக்காரங்களோட சேர்ந்து ஒரே பெட்டியா போட்டுக்கோங்க, அங்க போய் பிரிச்சுக்கட்டும். ரேட் நான் இங்க எழுதல, ஃபியூயல் சர்சார்ஜ் அடிக்கடி மாறுது, நான் எழுதி நீங்க போய் சண்டை போடாண்டாம்.

எத அனுப்பலாம் எத கூடாதுன்னு சொல்றதுல இவங்க கறார். அம்மா மட்டி பழம் ஒரு சீப்ப கறி பெட்டிக்குள்ளயே சொருகி வச்சிருந்தாங்க, அந்தப் பொண்ணு எடுத்து வெளில வச்சிருச்சு, "வைக்காண்டாம் அண்ணா, கறுத்துப் போவும்"னு. வாழைப்பழம் 13 டிகிரிக்கு கீழ போனாலே தோல் கறுத்து பழுக்காம நின்னுரும், ஏத்தனும் (நேந்திரம் பழம்) அப்படித்தான், சக்கையும் (பலாப்பழம்) குளிருக்கு ஆகாது. அதெல்லாம் ஓட்ட போட்ட அட்டைப்பெட்டியில தனியா போகணும். நம்ம கன்னியாகுமரி மட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு வேற கிடைச்சிருச்சு, அத கறி ஐஸ்ல போட்டு கறுக்க வைக்கிறது பாவம். மரச்சீனி தோலோட அனுப்பவே அனுப்பாதீங்க, பிடுங்கி ரெண்டு மூணு நாள்லயே உள்ள நீலமா கோடு ஓட ஆரம்பிச்சுரும், அது அழுகல் இல்ல, கிழங்கோட இயல்பு. தோல் சீவி, துண்டு போட்டு, லேசா வேகவச்சு ஃப்ரீஸ் பண்ணி அனுப்புனா மாசக்கணக்குல இருக்கும்.

பேப்பர் விஷயம் சுருக்கமா சொல்றேன். வீட்டுக்கு அனுப்புறதுன்னா நம்ம ஆதார் காப்பி, வாங்குறவங்க ஐடி காப்பி, பெட்டிக்குள்ள என்னென்ன எத்தன கிலோன்னு லிஸ்ட், இத்தனையும் கேட்டாங்க. லிஸ்ட்ல "வீட்டுச் சாமான்"னு மொத்தையா எழுதுனா விடல, மீன் கறி, தேங்கா, மரச்சீனின்னு தனித்தனியா எழுதச் சொன்னாங்க, அதுதான் நல்லது, அந்தப் பக்கம் இன்ஸ்பெக்‌ஷன்ல பெட்டிய திறந்து பாக்குற நேரம் குறையும். வியாபாரத்துக்கு அனுப்புறது வேற உலகம், ஐஇசி நம்பர் (ஏற்றுமதி இறக்குமதி பண்றவங்களுக்கு உள்ள நம்பர்), எஃப்எஸ்எஸ்ஏஐ லைசன்ஸ் (உணவுப் பாதுகாப்பு லைசன்ஸ்), மீனுக்கு எம்பெடா பதிவு (கடல் பொருள் ஏற்றுமதி ஆணையத்துல), பழம் காய்கறிக்கு ஃபைட்டோ சர்டிஃபிகேட் (பூச்சி, நோய் இல்லன்னு சொல்ற சான்று), யூஏஇக்குன்னா லேபிள்ல அரபியும் இருக்கணும். இந்த கடை அந்த வேலையும் எடுத்துப் பண்றாங்கன்னு போர்டு போட்டிருக்கு, எனக்கு அதுல அனுபவமில்ல.

கல்ஃபு தவிர வேற நாட்டுக்குன்னா உஷார். ஐரோப்பாவுக்கும் யூகேவுக்கும் வீட்டுல செஞ்ச இறைச்சிக் கறியும் பால் சாமானும் நம்ம நாட்டுலேர்ந்து போகாது, பீஃப் ஃப்ரை அனுப்பணும்னு நிக்காதீங்க. அமெரிக்காவுக்கு பச்சை கறிவேப்பிலை கூட போகாது, எலுமிச்சை ஆரஞ்சு மரத்த அழிக்கிற நோய பரப்புற பூச்சி அதுல இருக்கும்னு தடுத்து வச்சிருக்காங்க. 2014ல ஐரோப்பிய யூனியன் பழ ஈ பிரச்சனையில நம்ம மாம்பழத்தையே நிப்பாட்டி வச்சது, 2015லதான் மறுபடி விட்டாங்க. கல்ஃபும் எப்பவும் திறந்த வாசல்னு நினைக்காண்டாம், 2018 மே மாசம் கேரளாவுல நிபா வைரஸ் வந்தப்போ யூஏஇ கேரளா பழம் காய்கறி எதுவும் வரக்கூடாதுன்னுருச்சு. தோட்டம் தமிழ்நாட்டுல இருந்தாலும் பழம் ஏறுறது திருவனந்தபுரத்துல, அப்போ நமக்கும் வழி அடைஞ்ச மாதிரிதானே. அதனால பெட்டி கட்டுறதுக்கு முந்தின நாள் கடைக்கு ஒரு ஃபோன் போட்டு இன்னிக்கு எது போகுதுன்னு கேட்டுக்கணும், இந்த கேள்விக்கு மட்டும் அவங்க எப்பவும் சரியா பதில் சொல்லிருக்காங்க.

இப்போ திட்டு. ஓணத்துக்கு முந்தின வாரம், வேற நேரமே இல்லையான்னு கேப்பீங்க, அக்கா மகளுக்கு பிறந்தநாள், அக்கா கேட்டுட்டா. கல்ஃபு ஓண சத்யைக்கு (விருந்துக்கு) காய்கறி நிறைய நம்ம பக்கத்துலேர்ந்துதான் விமானத்துல போகுது, அந்த வாரம் கார்கோவுல இடம் கிடைக்கிறதே குதிரைக்கொம்பு. கடைக்காரர் முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லல, ஓணம்ல கொஞ்சம் திரக்குண்டுன்னு (நெரிசல் இருக்குன்னு) மட்டும் சொன்னாரு. பெட்டி கட்டி அனுப்பியாச்சு. ராத்திரி பாத்தா டிராக்கிங்ல ஒண்ணுமே மாறல. காலையில ஃபோன் பண்ணா "போயாச்சு சார்"னாங்க, அக்காகிட்ட கேட்டா ஒண்ணும் வரல. 11 இலக்க ஏர்வே பில் நம்பர வாங்கி நானே ஏர்லைன் சைட்ல போட்டு பாத்தா பெட்டி திருவனந்தபுரத்துலயே கிடக்கு, ஆஃப்லோட், அதாவது ஃப்ளைட்ல ஏத்தாம இறக்கி வச்சுட்டாங்க. பயணிகளோட லக்கேஜ் கூடிப் போச்சுன்னா முதல்ல இறங்குறது கார்கோதான், இது எல்லா ஊருலயும் உள்ள வழக்கம், அதுல எனக்கு கோவமில்ல. போகாத பெட்டிய போயாச்சுன்னு சொன்னதுதான் தாங்க முடியல. உண்மைய சொல்லியிருந்தா பெட்டிய திருப்பி எடுத்து டிரை ஐஸ் நிரப்பச் சொல்லி கேட்டிருக்கலாம்ல.

அடுத்த நாள் ராத்திரி ஏறிச்சு, அதுக்கடுத்த நாள் சாயங்காலம் அக்கா திறந்து வீடியோ கால்ல காட்டுனா. டிரை ஐஸ் ஒரு பொட்டு இல்ல. துட்டு டப்பாவுல அடியில சாய்ஞ்சு கிடக்கு, மேல தண்ணி. தேங்கா புளிச்ச வாடை, மீன் கறி பை ஊதிப் போய் நிக்குது. எல்லாத்தையும் கொட்டச் சொல்லிட்டேன், அம்மாகிட்ட நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்லியிருக்கோம்.

கடைக்குப் போய் கேட்டா ஓனர் மலையாளமும் தமிழும் கலந்து ஒரு மணிக்கூர் பேசுனாரு, ஏர்லைன் தப்பு, ஓணம் தப்பு, கடைசியில ரசீது பின்னால பொடி எழுத்துல பெரிஷபிள் (கெட்டுப்போற) சாமானுக்கு பொறுப்பில்லன்னு அடிச்சிருக்கத காட்டுனாரு. ஒண்ணு தெரிஞ்சு வச்சுக்கோங்க, விமானத்துல போற சரக்குக்கு மாண்ட்ரியல் கன்வென்ஷன்னு ஒரு உலக ஒப்பந்தம் இருக்கு, நம்ம நாடும் 2009லேர்ந்து அதுல இருக்கு, யூஏஇயும் இருக்கு. சரக்கு கெட்டுப்போச்சுன்னா கைக்கு கிடைச்ச 14 நாளுக்குள்ள எழுத்துல புகார் கொடுக்கணும், லேட்டுன்னா 21 நாள். ஃபோன்ல கத்துறது கணக்குல வராது. இழப்பீட்டுக்கும் கிலோவுக்கு இவ்வளவுதான்னு உச்சவரம்பு இருக்கு, 2024 டிசம்பர் கடைசியிலேர்ந்து கிலோவுக்கு 26 எஸ்டிஆர் (அது சர்வதேச நாணய நிதியத்தோட கணக்கு அலகு). ஆனா சாமானோட இயல்பாலயே கெட்டுச்சுன்னு அவங்க நிரூபிச்சா தப்பிச்சிருவாங்க, மீன் கறிக்கு அப்படி சொல்றது ரொம்ப ஈசி. நான் மெயில் போட்டேன், போட்டதுக்கப்புறம்தான் ஓனர் குரல் இறங்கிச்சு, அடுத்த பெட்டிக்கு பாதி ஃப்ரெய்ட் குறைச்சுத் தாரேன்னாரு, குறைச்சும் தந்தாரு. அதுக்காகத்தான் டிராக்கிங்குக்கு 0 போடாம 1 போட்டேன்.

அந்தப் பக்கம் டெலிவரி பத்தி அக்கா சொல்றது என்னன்னா, குளிர்காலத்துல ஒரு பிரச்சனையும் இல்ல, ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் வெளில 45 டிகிரிக்கு மேல போகும், டெலிவரி பையன் நாலு பில்டிங் சுத்திட்டு நம்ம வீட்டுக்கு வரும்போது பெட்டி வெளிப்பக்கம் சுடும். அதனால அத்தான் நேரா அவங்க கோடவுனுக்கே போய் எடுத்துட்டு வந்துருவாரு, வெயில் காலத்துல இதுதான் சரி. வெள்ளிக்கிழமைக்கு முந்தின ராத்திரி ஏறுற மாதிரி அனுப்பாதீங்க, அங்க வெள்ளிக்கிழமையே லீவு மூடு, பெட்டி ஷெட்டுலயே தூங்கும். நான் ஞாயிறு இல்லன்னா திங்கள்தான் கடையில கொடுப்பேன்.

நம்ம பக்கத்துலயும் ஒரு நாள் பாத்துக்கணும். பத்மநாபசாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் ஏர்போர்ட் ரன்வே வழியாத்தான் சங்குமுகம் கடலுக்குப் போகும், வருஷத்துல ரெண்டு தடவ, பங்குனியிலயும் ஐப்பசியிலயும். அன்னிக்கு சாயங்காலம் சில மணி நேரம் விமானமே கிடையாது, நேரம் எல்லாம் மாறும். பக்தியா போய் ஊர்வலம் பாக்கலாம், பெட்டி மட்டும் அனுப்பாதீங்க.

கொச்சி போனா இன்னும் நல்லா இருக்குமான்னு நிறைய பேரு கேக்குறாங்க. நெடும்பாசேரியில பெரிஷபிளுக்குன்னு பெரிய வசதி இருக்கு, ஃப்ளைட்டும் கூடுதல், உண்மைதான், ஆனா மார்த்தாண்டத்துலேர்ந்து அங்க போய்ச் சேரவே அர நாள் ரோட்டுல போகுது, அந்த அர நாளும் பெட்டிக்குள்ள ஐஸ் கரையும். டன் கணக்குல ரீஃபர் (குளிர்பெட்டி) லாரியில அனுப்புறவங்களுக்கு கொச்சி, நம்மள மாதிரி ஒரு பெட்டிக்காரங்களுக்கு திருவனந்தபுரம் போதும். லீவுக்கு வந்துட்டுப் போற ஆள் யாராச்சும் இருந்தா அவங்க லக்கேஜ்ல கொடுத்து விடுறதுதான் எல்லாத்துலயும் மேல், கூடவே போகுது, இறங்குன ஒரு மணி நேரத்துல வீட்டு ஃப்ரீசருக்குள்ள போயிரும். டிரை ஐஸ் ஒரு ஆளுக்கு 2.5 கிலோ வரைக்கும்தான், அதுவும் ஏர்லைன்கிட்ட முன்கூட்டி சொல்லி சம்மதம் வாங்கியிருக்கணும், சொல்லாம கொண்டு போய் செக்கின்ல பெட்டிய திறந்து வச்சிட்டு நிக்கிற ஆளுகள நான் பாத்திருக்கேன்.

மீன் வாங்குறதப் பத்தியும் ஒரு வார்த்தை, இது கடைக்கு சம்பந்தமில்ல ஆனா பெட்டியில கெட்டுச்சுன்னு பழி அவங்க மேல விழும். சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி), சூரை இந்த மூணும் பிடிச்சதுலேர்ந்து ஐஸ்ல இருக்கணும். வெயில்ல கிடந்த மீன்ல ஹிஸ்டமின்னு ஒண்ணு உருவாயிரும், அப்புறம் எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது, ஃப்ரீஸ் பண்ணாலும் போகாது, தின்னா முகம் சிவந்து தடிச்சு தலைவலி வரும், மீன் அலர்ஜின்னு நினைச்சுக்குவோம். ரோட்டோரம் கூடையில வச்சு விக்கிறத வாங்கி அனுப்பாதீங்க, குளச்சல்லயோ தேங்காப்பட்டணத்துலயோ காலையில போய் கண்ணு தெளிவா இருக்குறத பாத்து வாங்கி, அங்கயே ஐஸ் போட்டு வீட்டுக்கு கொண்டு வாங்க. ஜூன், ஜூலை ரெண்டு மாசமும் மேற்குக் கரையில விசைப்படகு போகாது, அப்போ கிழக்குக் கரை மீன்தான் நிறைய வரும், அதுவும் ஜூன் பாதிவரைக்கும் அங்கயும் தடைதான். அந்த நேரத்துல விலையும் கூடுதல், எத்தன நாள் ஐஸ்ல கிடந்ததுன்னும் சொல்ல முடியாது, கல்ஃபுலயும் கொளுத்துற வெயில். அந்த மாசத்துல அக்கா மீன் கேட்டா நான் ஏத்தங்கா சிப்ஸும் மாங்கா ஊறுகாயும் சாதா பார்சல்ல போட்டு விட்டுருவேன், கோவிச்சுக்குவா, ஆகஸ்ட் வரைக்கும் பேச மாட்டா.